எனக்கு மேஜர் என்று ஒன்று இல்லை

கார்த்திகை பிறந்தால் என் கைப்பேசிக்கு ஒரே கேள்வி பல எண்களிலிருந்து வரத் தொடங்கிவிடும். "அண்ணா, மேஜர் ஜிபிஏ எப்படிக் கணக்குப் போடறது?" அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரில் விழுவதால் வரும் பரபரப்பு இது. கேட்பவர்கள் சித்தூர், பலமநேர், நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். பி.எஸ்சி.யை ஊருக்கு அருகிலிருந்த கல்லூரியில் முடித்து, எம்.எஸ்சி.க்காகத் திருப்பதிக்கு வந்தவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குரல்செய்தி அனுப்பி அலுத்துவிட்டேன். இந்த ஆண்டு எழுதியே வைத்துவிடுகிறேன். கணக்கு மட்டும் வேண்டுவோர் நடுப்பகுதிக்குத் தாவலாம். ஆனால் கணக்குதான் இதில் எளிய பகுதி.

விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரிக்கும் மூன்று கட்டங்கள் இருக்கும். மொத்த ஜிபிஏ, அது எத்தனைக்கு எத்தனை என்ற அளவுகோல், அதன் கீழே மேஜர் ஜிபிஏ. முதல் இரண்டையும் மார்க்ஸ் மெமோவைப் பார்த்து நிரப்பிவிடலாம். மூன்றாவது, மெமோவில் எங்கும் அச்சிடப்பட்டிராது. நாமே கணக்கிட்டு எழுத வேண்டும். சில படிவங்களில் அதற்கு ஒரு வரி விளக்கம் இருக்கும். பலவற்றில் அதுவும் இராது. உங்கள் மேஜர் எதுவென்று உங்களுக்குத் தெரியும் என்று படிவம் எடுத்துக்கொள்கிறது.

எனக்குத் தெரியவில்லை. நான் 2016 முதல் 2019 வரை சித்தூர்ப் பகுதிக் கல்லூரி ஒன்றில் எம்.பி.சி. குரூப்பில் படித்தவன். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சமம். மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் தாள்கள், ஒரே அளவு கிரெடிட்கள். "நீ என்ன படிக்கிறாய்?" என்று ஊரில் யாராவது கேட்டால் "எம்.பி.சி." என்போமே தவிர, "இயற்பியல் படிக்கிறேன்" என்று சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. பட்டச் சான்றிதழிலும் பி.எஸ்சி. என்று மட்டுமே இருந்தது.

இதே நான் சித்தூரிலிருந்து தெற்கே சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, வேலூரில் படித்திருந்தால் இந்தச் சிக்கல் எழுந்திராது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் மேஜர் பாடமும் அதற்குத் துணையாக அலைடு பாடங்களும் என்று வகுத்துவைத்திருக்கிறார்கள். அங்கே பி.எஸ்சி. இயற்பியல் என்றால் இயற்பியல்தான். கணிதமும் வேதியியலும் விருந்தினர்கள். 1911 வரை சித்தூரும் வேலூரும் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தவை. அந்த மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூர்தான். காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி வந்துவிடலாம். அவ்வளவு நெருங்கிய ஊர்களுக்கு நடுவே, ஒருவன் தன் பட்டப்படிப்பை எப்படிச் சொல்லிக்கொள்வது என்பது எல்லைக்கோட்டில் மாறிவிடுகிறது. என் மாமன் மகன் வேலூரில் படித்தான். மேஜர் ஜிபிஏ கணக்கிட அவனுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. எனக்கு ஐந்து ஆண்டுகளாகியும் முடியவில்லை.

மேஜர் என்ற சொல்லே அமெரிக்காவில் ஒரு சிக்கலுக்குத் தீர்வாகப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹார்வர்டின் தலைவராயிருந்த சார்லஸ் எலியட், மாணவர்கள் தாங்கள் விரும்பிய பாடங்களைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்ற முறையைப் பரப்பினார். நான்கு ஆண்டுகளில் ஒருவன் எதைப் படித்தான் என்று சொல்ல முடியாத நிலை அதனால் வந்தது. 1909இல் அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், குறிப்பிட்ட அளவு பாடங்களை ஒரே துறையில் எடுத்தாக வேண்டும் என்று கட்டுப்படுத்தினார். அதாவது கடைபோல் விரிந்து கிடந்த பாடங்களுக்கு நடுவே மாணவன் ஒரு மையத்தைக் காட்ட வேண்டும். அந்த மையம்தான் மேஜர். நமக்கோ கடை விரிந்ததே இல்லை. எம்.பி.சி. என்றால் எம்.பி.சி.தான், ஒரு தாளைக்கூட நாம் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் சந்தித்தே இராத ஒரு சிக்கலின் தீர்வை அந்தக் கட்டம் நம்மிடம் கேட்கிறது.

(இனி வரும் தம்பி தங்கைகளுக்கு இந்தத் தொல்லை குறையும். 2023-24 கல்வியாண்டில் சேர்ந்தவர்களிலிருந்து ஆந்திர மாநில உயர்கல்வி மன்றம் ஒற்றை மேஜர் முறையைக் கொண்டுவந்துவிட்டது. அவர்களுடைய பட்டத்தில் ஒரு மேஜரும் ஒரு மைனரும் உண்டு. 2022 வரை சேர்ந்த நாங்கள்தான் மூன்று கால் முக்காலிகள்.)

இப்போது கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் பத்துப் புள்ளி முறையில் ஓ என்பது 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, பி என்ற தேர்ச்சி 4. ஒவ்வொரு தாளின் கிரேடு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். பெருக்கியவற்றையெல்லாம் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். செமஸ்டர் சராசரிக்கு மெமோவில் செய்திருப்பது இதே கணக்குதான். மேஜருக்கு என்ன வேறுபாடென்றால், எந்தத் தாள்களை உள்ளே விடுவது என்பது மட்டும்.

என் தாள்களையே எடுத்துக்கொள்கிறேன். இயற்பியலில் எட்டு எழுத்துத் தாள்கள், தாளுக்கு 3 கிரெடிட். என் புள்ளிகள் 6, 7, 7, 8, 8, 9, 8, 9. கூட்டினால் 62, மூன்றால் பெருக்கினால் 186, 24 கிரெடிட்டால் வகுத்தால் 7.75. அதோடு எட்டுச் செய்முறைத் தாள்கள், தாளுக்கு 2 கிரெடிட். அவற்றில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் 10. அந்த ஒன்றில் 9. ஆக 79, இரண்டால் பெருக்கினால் 158. இரண்டையும் சேர்த்தால் 344. 40 கிரெடிட்டால் வகுத்தால் 8.60.

கணிதத்தில் எட்டுத் தாள்கள், தாளுக்கு 5 கிரெடிட், செய்முறை இல்லை. மொத்தம் 315, சராசரி 7.88. வேதியியலைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. எழுத்துத் தாள்களில் 159, செய்முறையில் 152, இரண்டும் சேர்ந்து 311, சராசரி 7.78. இரண்டாம் செமஸ்டரில் ஒரு தாளைச் சப்ளியில்தான் கடந்தேன்.

ஆகவே என் மேஜர் ஜிபிஏ என்ன? இயற்பியல் எழுத்துத் தாள்கள் மட்டும் என்றால் 7.75. மூன்று பாடங்களும் சமம் என்ற உண்மையை அப்படியே ஏற்றால், 970ஐ 120ஆல் வகுத்து 8.08. இயற்பியலோடு கணிதத்தையும் சேர்த்தால் 8.24. இயற்பியலில் எழுத்தும் செய்முறையும் என்றால் 8.60. நான்கும் நேர்மையானவை, நான்குக்கும் என்னால் நியாயம் சொல்ல முடியும். அமெரிக்கக் கல்லூரிகளிலேயே இதற்கு ஒரே விதி இல்லை. துறையின் குறியீடு உள்ள பாடங்களை மட்டும் எண்ணுவோரும் உண்டு. அந்த மேஜரை முடிக்கத் தேவையான பிற துறைப் பாடங்களையும் (இயற்பியலுக்குக் கணிதம் போல) சேர்த்துக்கொள்வோரும் உண்டு.

முதல் பகுதி மொழிப்பாடம் எந்தக் கணக்கிலும் வராது. நான் எடுத்தது தமிழ். மூன்று செமஸ்டர்களிலும் 9, 9, 10. எழுத்துத் தேர்வில் நான் வாங்கிய ஒரே ஓ கிரேடு அதுதான். ஆந்திராவில் தமிழ் படித்த வகுப்பில் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். அந்தப் பத்து, மொத்தச் சராசரியில் மட்டும் கொஞ்சம் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். 2020 டிசம்பர். கொரோனாவால் விடுதி மூடியிருந்ததால் சித்தூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். கோட்பாட்டு இயற்பியலுக்கு ஆறு பல்கலைக்கழகங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்காக அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியிருந்தார். அவரிடம் நான் சொன்ன தொகை, உண்மைத் தொகையில் பாதி. மேஜர் ஜிபிஏ கட்டம் வந்ததும் மெமோக்களை விரித்துவைத்து எல்லா வகையிலும் கணக்கிட்டுப் பார்த்தேன். முதலில் 7.75 வந்தது. அதைப் பார்த்ததும், இது சரியான முறையாக இருக்காது என்று தோன்றியது. பிறகு 8.08. பிறகு 8.24. கடைசியாக இயற்பியல் எழுத்தையும் செய்முறையையும் சேர்த்துச் சராசரி எடுத்தேன், 8.81 வந்தது. இதுதான் சரியான முறை என்று உடனே தெளிவாயிற்று. ஆய்வகம் இல்லாமல் இயற்பியல் ஏது என்று எனக்கு நானே ஒரு சிறு சொற்பொழிவுகூட ஆற்றிக்கொண்டேன்.

கவனித்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும். மேலே நான் காட்டிய கணக்கில் வந்தது 8.60, அன்று எழுதியது 8.81. கிரெடிட்டால் பெருக்காமல், பதினாறு தாள்களின் புள்ளிகளையும் வெறுமனே கூட்டிப் பதினாறால் வகுத்திருந்தேன். இரண்டு கிரெடிட் செய்முறைக்கும் மூன்று கிரெடிட் எழுத்துத் தாளுக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டேன். செய்முறையில் பத்துகள் குவிந்திருந்ததால் சராசரி மேலே ஏறிவிட்டது. கணிதம் படித்தவன் செய்யக்கூடாத பிழை. நான் சொல்வது, இந்தப் பிழை 7.75 வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்பதுதான். பிடிக்காத விடையை மூன்று முறை சரிபார்த்தேன். பிடித்த விடையை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

ஜனவரியில் ஒரு பல்கலைக்கழகம், தாள்வாரியாகப் பட்டியலிட்டு அனுப்பச் சொன்னது. எக்செல்லில் கிரெடிட் பத்தியை நிரப்பும்போதுதான் பிழை தெரிந்தது. இரவு பதினொரு மணி இருக்கும். உடம்பு குளிர்ந்துவிட்டது. விண்ணப்பத்தில் தவறான தகவல் தந்தால் சேர்க்கை ரத்தாகும் என்று அடியில் ஒரு வாசகத்துக்குக் கையொப்பமிட்டிருந்தேன். ஆறு பல்கலைக்கழகங்களுக்கும் அன்றிரவே மின்னஞ்சல் எழுதினேன். எடையிட்ட சராசரிக்குப் பதில் சாதாரணச் சராசரி தந்துவிட்டேன், சரியான எண் 8.60, வருந்துகிறேன் என்று நீண்ட மன்னிப்புக் கடிதம். மூன்று இடங்களிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது: குறித்துக்கொண்டோம், நன்றி. மற்ற மூன்றிலிருந்து பதிலே இல்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றி நெடுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம் சொல்லிக்காட்டியும் இருக்கிறேன். என் ஆய்வு நெறியாளர் ஒருநாள் தேநீர் குடித்தபடி கேட்டார்: "தியரி குரூப்புக்குத்தானே அப்ளை பண்ணின? அப்ப ஏன் லேப் மார்க்கால ஏறின நம்பரைக் கொடுத்த?" நான் வாயடைத்துப்போனேன். கூட்டல் பிழையை ஊரறிய ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் விடைகளையெல்லாம் பார்த்துவிட்டு, அதிலே பெரியதற்கு ஏற்ற விதியைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது எந்தப் படிவத்தின்படியும் தவறல்ல. அதனால் எனக்கு அது தவறாகவே தெரியவில்லை. எங்கள் செய்முறைத் தேர்வுகளில் யாருக்குப் பத்து விழும், யாருக்கு ஒன்பது விழும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. என் எட்டில் அந்த ஒரே 9, தேர்வன்று காய்ச்சலில் நான் தாமதமாகப் போனதால் வந்தது. சோதனை சரியாக வந்ததா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

2021 மார்ச்சுக்குள் ஆறு மறுப்புகளும் வந்துவிட்டன. ஜிபிஏதான் காரணமா, மின்னஞ்சல் காரணமா, பரிந்துரைக் கடிதங்களா, அந்த ஆண்டு கொரோனாவால் பல துறைகள் இடங்களைக் குறைத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. அப்பாவின் கடன் அடைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

அடுத்த மாதம், ஏப்ரல் 7ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் மியூவான் துகளின் காந்தத் திருப்புதிறனை அளந்த குழு தன் முதல் முடிவை வெளியிட்டது. இயற்பியல் மாணவர்கள் எல்லாரும் அன்று அதைத்தான் பேசினோம். நான் அதில் படித்து மறக்காதது முடிவை அல்ல. அவர்கள் அளந்த முறையை. அளவீட்டுக்கு அடிப்படையான கடிகாரத்தின் அதிர்வெண்ணை, குழுவில் இல்லாத இருவர் வேண்டுமென்றே சற்று மாற்றி அமைத்து, உண்மை எண்ணை உறையிலிட்டு ஒட்டிவைத்துவிட்டார்கள். இருநூறு பேருக்கு மேல் ஆண்டுக்கணக்கில் அந்தத் தரவை ஆராய்ந்தார்கள். விடை கோட்பாட்டோடு பொருந்துகிறதா, முரண்படுகிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. எந்தத் தரவைக் கழிப்பது, எந்தத் திருத்தத்தைச் சேர்ப்பது என்பதையெல்லாம் முடிவு செய்து, இனி மாற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உறையைப் பிரித்தார்கள். குருட்டுப் பகுப்பாய்வு என்று இதற்குப் பெயர். அந்த அறிஞர்கள் பொய்யர்கள் என்பதால் அல்ல இந்த ஏற்பாடு. எந்த விடை வர வேண்டும் என்ற ஆசை உள்ளவன், தான் அறியாமலே பிழைகளை ஒரு பக்கமாக மட்டும் தேடுவான் என்பதால். சித்தூர் மாடியில் நான் செய்ததும் அதுதான்.

அன்றிலிருந்து என்னிடம் கேட்க வருபவர்களுக்கு ஒரே நிபந்தனை. மெமோவை மூடிவைத்துவிட்டு வா. முதலில் விதியை எழுது.

இந்தக் கார்த்திகையில் வந்தவள் நகரிக்காரப் பெண். விசைத்தறி வீட்டுப் பிள்ளை. அவளுடைய அப்பா இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அவளைப் பேருந்தேற்றி அனுப்பியிருந்தார். 2021இல் பி.எஸ்சி. சேர்ந்தவள், ஆகவே அவளும் மூன்று கால் முக்காலி. அவளுடைய காலத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்துவிட்டது: ஒரு முழு செமஸ்டர் இன்டர்ன்ஷிப், அதற்குப் 12 கிரெடிட். அவள் சோலார் தகடு பொருத்தும் நிறுவனம் ஒன்றில் செய்திருந்தாள். அது இயற்பியலா?

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். பல்கலைக்கழக வளாகத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்தாள். இடையில் ஒருமுறை பையைத் திறக்கப் போனாள். "மெமோவைத் தொடக்கூடாதும்மா" என்றேன். சிரித்துவிட்டு மூடினாள். பிறகு எழுதினாள்: இயற்பியல் துறையின் குறியீடு உள்ள தாள்கள் எல்லாம், எழுத்தும் செய்முறையும், மற்றவை இல்லை. சப்ளி எழுதிய தாளுக்குக் கடைசியாக வந்த கிரேடு. கிரெடிட் எடையோடு. தாளை மடித்து என்னிடம் தந்தாள். தேதி போட்டு வைத்துக்கொண்டேன்.

அதன்பின் கணக்கு. 35 கிரெடிட்டுக்கு 281, ஆக 8.03. அவள் முகம் வாடியது. இன்டர்ன்ஷிப்பில் அவளுக்கு ஓ. அதையும் சேர்த்தால் 47 கிரெடிட்டுக்கு 401, 8.53. இதை அவள் மனத்திலேயே போட்டுவிட்டாள் என்பது அவள் உதடுகளில் தெரிந்தது.

"அண்ணா, சோலார்னா பிசிக்ஸ் தானே?"

"ஆமா."

"அப்ப மாத்திக்கலாமா?"

"மாத்திக்கலாம். தப்பொண்ணும் இல்ல. யாரும் கேக்கவும் மாட்டாங்க. ஆனா அங்க என்னம்மா வேலை செஞ்ச?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பில் போட்டேன் அண்ணா. கஸ்டமருக்குப் போன் பண்ணேன். ஒரு நாள் மாடி ஏறினேன்."

8.03 என்று கட்டத்தில் எழுதினாள். கூடுதல் தகவல் என்று படிவத்தின் கடைசியில் ஓர் இடம் இருக்கும். பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதில் மூன்று வரி எழுதச் சொன்னேன். என் பட்டப்படிப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சம எடை கொண்டவை, தனி மேஜர் கிடையாது, மேஜர் ஜிபிஏ என்று தந்திருப்பது இயற்பியல் துறையின் எழுத்து, செய்முறைத் தாள்கள் அனைத்தின் கிரெடிட் எடையிட்ட சராசரி, அளவுகோல் 10. அவ்வளவுதான். தேர்வுக்குழுவில் நம் மெமோவைப் படிப்பவர் எந்த நாட்டவராயிருந்தாலும், இந்த மூன்று வரி இருந்தால் அந்த எண்ணைத் தாமே மீண்டும் கணக்கிட்டுக்கொள்ள முடியும். அவர் எண்ணும் நம் எண்ணும் ஒத்துப்போனால் போதும், அது 8.03ஆ 8.53ஆ என்பது எனக்கு அடுத்த விஷயம்.

இடையே சில சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பத்துப் புள்ளியை நான்கு புள்ளியாக நீங்களே மாற்றாதீர்கள். 8.03ஐ 0.4ஆல் பெருக்கினால் 3.21 வரும், அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. நம் நாட்டில் 60 விழுக்காடே முதல் வகுப்பு. அங்கே அறுபது என்றால் தோல்விக்குப் பக்கம். இரண்டையும் ஒரே கோலால் அளக்க முடியாது. பெரும்பாலான படிவங்களே "மாற்றாமல், மெமோவில் உள்ளபடி தருக" என்றுதான் சொல்கின்றன; மாற்றித் தரச் சொன்னால், எந்த மதிப்பீட்டு நிறுவனத்தின் மூலம் என்பதையும் அவர்களே சொல்வார்கள். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்குச் சொன்ன 9.5 பெருக்கத்தையோ, பொறியியல் கல்லூரிக்காரர்களின் 0.75 கழித்தலையோ நம் பி.எஸ்சி.க்குப் போடாதீர்கள், அவை வேறு வீட்டுச் சாவிகள். சப்ளி எழுதிய தாளை விட்டுவிடச் சொல்லும் கன்சல்டன்சி ஆள்களை நானும் பார்த்திருக்கிறேன். தாளை விடாதீர்கள், டிரான்ஸ்கிரிப்ட் வரும்போது அது தானே வந்து நிற்கும். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் போதும்.

விண்ணப்பத்தை அனுப்பி முடித்தபோது மணி நான்கிருக்கும். கோபால் அண்ணன் கடையில் என்று எழுத வந்தேன், பெயர் வேண்டாம். வளாகத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் நின்று என் கதையை அவளிடம் சொன்னேன், எண்களைச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, "இப்ப நீங்க மறுபடி அப்ளை பண்ணா என்ன நம்பர் போடுவீங்க?" என்றாள்.

நேர்மையான பதில், எனக்குத் தெரியாது என்பதுதான். நான்கு விடைகளும் எனக்கு மனப்பாடம். எந்த விதியை இப்போது எழுதினாலும், அந்த விடைக்காக எழுதினேனா, அந்த விடையைத் தவிர்க்க எழுதினேனா என்று எனக்கே விளங்காது. என் உறை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"அப்ப நான் எழுதறேன்" என்றாள். "எனக்கு உங்க மார்க் தெரியாதே."

பேருந்துச் சீட்டின் பின்புறத்தில், கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து எழுதினாள். எழுதிக்கொண்டே சொன்னாள்: "தியரிக்குத்தானே போட்டீங்க? அப்ப மேத்ஸ் கண்டிப்பா வேணும். லேப்பை எடுக்கக் கூடாது, எல்லாரும் சேக்கறாங்க இல்ல. கெமிஸ்ட்ரி வேணாம்." கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு நீட்டினாள். நகரிப் பேருந்து வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறினாள்.

இயற்பியலும் கணிதமும். 659ஐ 80ஆல் வகுக்க வேண்டும். 8.24.